கூலிக்கு வீரம்: ஓர் இணையக் கூட்டாட்டத்தின் தொடக்க நிலைகள் பற்றிய விமர்சனக் குறிப்புகள்

1

இலக்கிய விமர்சனம் என்ற பெயரில் நாம் பயின்றுவந்துள்ள அளவுகோல்கள் செய்யுள், நாவல், நாடகம் ஆகியவற்றை மனத்திற்கொண்டு வகுக்கப்பட்டவை. கதைப்பொருளும் பாத்திரங்களும் விரிந்த கற்பனை உலகும் கொண்ட படைப்பொன்று, படிப்போரையோ பார்ப்போரையோ வேண்டாது ஆடுவோரை வேண்டி நிற்குமாயின், அதனை எவ்வாறு மதிப்பிடுவது? இவ்வினாவைப் பொழுதுபோக்கு என ஒதுக்கிவிடல் இயலாது. ஒல்லாந்து வரலாற்றறிஞர் யொஹான் ஹொய்சிங்கா 1938 இல் வெளியிட்ட 'ஹோமோ லூடன்ஸ்' என்னும் நூலில், விளையாட்டைப் பண்பாட்டின் ஓர் உபவிளைவாகக் கொள்ளாது, விளையாட்டினுள்ளேயே பண்பாடு முகிழ்க்கின்றது என வாதிட்டார். அவ்வாதத்தை முற்றாக ஏற்காதோரும், மக்கள் கூடி ஆடும் ஆட்டமொன்று அவர்தம் சமுதாயத்தைப் பற்றி ஏதோ கூறுகின்றது என்பதை மறுக்கமாட்டார்.

இக்கட்டுரையிலே நாம் எடுத்துக்கொள்வது 'வேர்ல்ட் ஒவ் வோர்கிராஃப்ட்' என்னும் ஆட்டமாகும். ஆயிரக்கணக்கானோர் ஒரே வேளையில் இணையத்தின் வழியே ஒரே கற்பனை உலகினுட் புகுந்து, ஒவ்வொருவரும் ஒரு பாத்திரமேற்று ஆடும் வகையைச் சேர்ந்தது இது. ஐக்கிய அமெரிக்காவின் பிளிசார்ட் நிறுவனம் 2004 நவம்பரில் இதனை வெளியிட்டது. 2010 ஒக்டோபரில் இதன் சந்தாதாரர் தொகை 12 மில்லியனை எட்டியதாக அந்நிறுவனம் அறிவித்தது. நாம் ஆடியது, 2019 ஓகஸ்டில் 'கிளாசிக்' என்ற பெயரில் மீள வெளியிடப்பட்ட பழைய வடிவமாகும். அதன் 60 படிநிலைகளுள் முதல் 22 ஐ மட்டுமே நாம் கடந்துள்ளோம். ஆகவே இங்குக் கூறப்படுவன முடிந்த முடிபுகளல்ல. தொடக்கப் பகுதி எம்மிடத்து ஏற்படுத்திய மனப்பதிவுகளை ஒழுங்குபடுத்தும் முயற்சியே இது. ஆயினும், தொடக்கத்தைத் தனித்து நோக்குவதற்கு ஒரு நியாயமுண்டு. ஓர் ஆட்டம் தனது விதிகளைக் கற்பிப்பது தொடக்கத்திலேயே. விதிகளைக் கற்பிக்கும்போது, தான் மதிக்கும் வாழ்க்கை முறை எதுவென்பதையும் அது சேர்த்தே கற்பித்துவிடுகின்றது.

எமது கருத்தைச் சுருக்கமாக முன்வைப்போம். இவ்வாட்டம் தன் கதையால் ஆடுநரை வீரர் என விளிக்கின்றது. தன் விதிகளால் அவரைக் கூலியாளாக நடத்துகின்றது. இம்முரண்பாட்டை ஆட்டம் தீர்த்துவைக்கவில்லை. ஆனால், அம்முரண்பாட்டின் இடுக்கிலிருந்து எக்கதாசிரியரும் எழுதித்தராத உறவொன்று ஆடுநரிடையே முளைக்கின்றது. இப்படைப்பின் பெறுமதியை அவ்வுறவிலேயே தேடவேண்டும்.

2

இவ்வகை ஆட்டத்தின் வமிசாவளியைச் சிறிது நோக்குதல் பொருத்தமாகும். ஜே. ஆர். ஆர். டோல்கீன் 1954, 1955 ஆம் ஆண்டுகளில் மூன்று பாகங்களாக வெளியிட்ட 'லோர்ட் ஒவ் த றிங்ஸ்' என்னும் நெடுங்கதை, மனிதரும் குள்ளரும் எல்ஃப்களும் ஓர்க்குகளும் வாழும் முழுமையான உலகொன்றைப் பெருந்தொகையான வாசகருக்குப் பழக்கமாக்கியது. 1974 இல் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் ஆகிய இருவரும் வெளியிட்ட 'டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸ்' அத்தகைய உலகை மேசையைச் சுற்றியிருந்து பகடை உருட்டி ஆடும் ஆட்டமாக்கியது. அங்குதான் வீரனின் வலிமையும் அறிவும் எண்களாக மாறின. அவன் பெற்ற அனுபவம் புள்ளிகளாகத் திரண்டு படிநிலைகளாயிற்று. 1978 இல் இங்கிலாந்தின் எசெக்ஸ் பல்கலைக்கழகத்திலே றோய் டிரப்ஷோ என்னும் மாணவர் தொடங்க, சக மாணவரான றிச்சர்ட் பார்ட்டில் வளர்த்தெடுத்த 'மட்' என்னும் ஆட்டம், பலர் ஒரே வேளையில் கணனிவழி புகக்கூடிய உலகொன்றை எழுத்துக்களாலேயே அமைத்தது. 1997 இல் வெளிவந்த 'அல்டிமா ஒன்லைன்', 1999 இல் வெளிவந்த 'எவர்குவெஸ்ட்' ஆகியன அவ்வுலகுக்கு உருவமும் வணிக அடிப்படையும் அளித்தன. நாம் ஆராயும் ஆட்டம் இம்மரபின் வாரிசாகும்.

இவ்வளர்ச்சியில் ஒரு மாற்றம் எமது கவனத்துக்குரியது. மேசையாட்டத்திலே கதையை நடத்திச் செல்பவர் ஒரு மனிதர். ஆடுவோர் ஒரு கிராமத்தைக் காப்பாற்றினால், அக்கிராமம் காப்பாற்றப்பட்டதாகவே அடுத்த நாளும் அவர் கதையைத் தொடர்வார். அவர்கள் பகைவனுக்கு இரங்கி அவனை விட்டுவிட்டால், அதற்கேற்பவும் கதையைத் திருப்புவார். கணனி அவ்விடத்தைக் கைக்கொண்டபோது, ஆயிரக்கணக்கானோருக்கு ஒரே வேளையில் கதை நடத்தும் ஆற்றல் கிடைத்தது. அதற்குக் கொடுத்த விலை யாதெனின், ஒருவர் காப்பாற்றிய கிராமம் அடுத்து வருபவரும் காப்பாற்றுவதற்காக ஆபத்திலேயே இருக்கவேண்டியதாயிற்று. பின்னர் நாம் காணப்போகும் பல இயல்புகள் இவ்வொரு நிர்ப்பந்தத்திலிருந்தே பிறக்கின்றன.

3

மனித குலத்துப் போர்வீரன் ஒருவனை நாம் தெரிந்தெடுத்தோம். அவன் நோர்த்ஷயர் என்னும் பள்ளத்தாக்கில், துறவிமடமொன்றின் வாயிலிலே தோன்றுகின்றான். கையில் மலிவான வாள். உடலில் மெல்லிய ஆடை. அவனை அரசின் காவலர் வரவேற்று, நாடு ஆபத்திலிருப்பதாகவும் அவனைப் போன்ற வீரர்களே அதன் நம்பிக்கை என்றும் கூறுகின்றனர். அடுத்து அவனிடம் ஒப்படைக்கப்படும் பணிகளை அவதானிப்போம். முதலில் கோபோல்ட் எனப்படும் எலிமுகச் சிற்றுயிர்களுள் 10 ஐக் கொல்லவேண்டும். அடுத்து, சுரங்கத்தில் வேலைசெய்யும் கோபோல்ட் 'வேலையாட்கள்' 10 பேரைக் கொல்லவேண்டும். அதன்பின், கோபோல்ட் 'தொழிலாளிகள்' 12 பேரைக் கொல்லவேண்டும். இவ்விரு பெயர்களும் எமது கற்பனையல்ல. ஆட்டமே அவ்வுயிர்களின் தலைக்கு மேல் அவ்வாறு எழுதிவைத்துள்ளது. தலையில் மெழுகுவர்த்தியைச் சுமந்து மண்ணைத் தோண்டும் இவர்களை வெட்டி வீழ்த்திக் கணக்கொப்புவித்ததும், சில செப்புக் காசுகளும் ஒரு சோடிக் காலணியோ கையுறையோ கூலியாகக் கிடைக்கும்.

ஆங்கிலத்திலே இப்பணிகளுக்கு வழங்கும் 'குவெஸ்ட்' என்ற சொல், இடைக்கால வீரகாவியங்களில் வீரன் மேற்கொள்ளும் புனிதமான தேடலைக் குறிப்பது. ஆட்டத்திலோ அச்சொல்லின் உள்ளடக்கம் எண்ணிக்கையும் கூலியுமாகச் சுருங்கிவிடுகின்றது. வீரன் எதனைத் தேடுகின்றான் என்ற வினாவுக்கு இடமில்லை. எத்தனை என்ற வினாவுக்கே இடமுண்டு. உருவம் பற்றிப் பேசும் விமர்சகர் இதனைக் கவனியாது விடலாகாது. கதையின் பேச்சு நிலப்பிரபுத்துவ வீரத்தைப் பற்றியது. கதையின் உருவமோ துண்டு வேலைக்குக் கூலி கொடுக்கும் தொழிற்சாலையினது. இவ்வுருவம் ஆட்டத்துக்கு வெளியிலும் தன் இயல்பைக் காட்டிக்கொடுத்தது. சீனாவிலே இளைஞர்கள் உண்மையான கூலிக்கு அமர்த்தப்பட்டு, நாள் முழுவதும் இவ்வாட்டத்தில் விலங்குகளைக் கொன்று ஆட்டப்பொன் திரட்டுவதையும், அப்பொன் மேற்கு நாட்டு ஆடுநருக்கு விற்கப்படுவதையும் பற்றி ஜூலியன் டிபெல் 2007 இல் நியூயோர்க் டைம்ஸ் இதழில் விரிவாக எழுதினார். ஆட்டம் வேலையாக மாறுவது அத்துணை இலகுவாயிருந்ததற்குக் காரணம், வேலையின் வடிவம் அதனுள் ஏற்கெனவே இருந்தமையே.

கொல்லப்பட்ட கோபோல்ட் சில நிமிடங்களில் அதே இடத்தில் மீண்டும் தோன்றி, மண்ணைத் தோண்டத் தொடங்குகின்றது. நாம் பணியை முடித்துத் திரும்புகையில், எம்மருகே வேறொரு வீரன் அதே காவலனிடம் அதே புகழுரையைக் கேட்டுக்கொண்டு நிற்கின்றான். மரணம் எமக்கும் நிலையானதன்று. வீழ்ந்த வீரன் ஆவியுருவில் இடுகாட்டில் எழுந்து, தன் உடல் கிடக்கும் இடத்துக்கு ஓடிச்சென்று உயிர் பெறுகின்றான். இங்கே வீரயுகப் பாடல்களின் உலகோடு ஓர் ஒப்பீடு தவிர்க்கவியலாதது. க. கைலாசபதி தமிழ் வீரயுகக் கவிதை பற்றி எழுதி 1968 இல் ஒக்ஸ்போர்ட் வெளியீடாக வந்த ஆங்கில நூலுக்குப் பின், புறப்பாடல்களை உலக வீரயுக இலக்கியங்களோடு வைத்து நோக்குவது எம்மவர்க்குப் பழக்கமானது. அப்பாடல்களில் புகழுக்குப் பொருளுண்டு; ஏனெனில் சாவு மீளமுடியாதது. நடுகல் நிற்பது, இறந்தவன் திரும்பமாட்டான் என்பதனாலேயே. சாவு சில நிமிட நடையாகச் சுருங்கிய உலகில், புகழ் என்பது எல்லோருக்கும் சமமாக வழங்கப்படும் பற்றுச்சீட்டாகிவிடுகின்றது.

இத்துடன் நின்றிருப்பின், இவ்வாட்டம் பற்றி எழுதவேண்டிய தேவை எமக்கு ஏற்பட்டிராது.

4

நோர்த்ஷயரைக் கடந்ததும் எல்வின் வனம் விரிகின்றது. இங்கே ஆட்டத்தின் சொத்துரிமை விதியொன்று எமது அனுபவத்தில் உறைக்கத் தொடங்கியது. ஒரு விலங்கை முதலில் தாக்குபவருக்கே அது உரியது. பிறர் எவ்வளவு உதவினாலும், அதனால் வரும் அனுபவப் புள்ளியோ பொருளோ அவர்களுக்குச் சேராது. ஆகவே, ஒரே பணியை மேற்கொண்டு ஒரே இடத்தில் நிற்கும் இருவர் இயல்பாகவே போட்டியாளராகின்றனர். அயலான் எமது பன்றியை முந்தி அடிக்கும்போது எழும் சிறுமையான சினத்தை நாமும் உணர்ந்தோம். ஆனால் அதே விதிகள், இருவரும் குழுவாக இணைந்துவிட்டால் ஒருவர் கொன்றது இருவர் கணக்கிலும் சேரும் எனவும் கூறுகின்றன. தனியாக நிற்பின் பகை. சேர்ந்து நிற்பின் பங்கு. நட்பு இங்கே நற்குணத்தின் விளைவாக அன்றித் தேவையின் விளைவாகவே தொடங்குகின்றது. சமுதாயத்திலும் பெரும்பாலான கூட்டுறவுகள் அவ்வாறே தொடங்கின என்பதை நாம் மறத்தலாகாது.

இவ்வனத்தின் மேற்குப் புறத்திலே ஹொகர் என்னும் கழுதைப்புலிமுகத் தலைவன் உலாவுகின்றான். அவன் 11 ஆம் படிநிலையினன். தனியொருவரால் வெல்லமுடியாதவாறு வலிமை கூட்டப்பட்டவன். அவன் தலைக்குப் பரிசு அறிவிக்கும் சுவரொட்டியைப் படித்துவிட்டு அவனை அணுகும் புதியவர் பலர் அவ்விடத்திலேயே மடிகின்றனர். நாமும் இருமுறை மடிந்தோம். இரண்டாம் முறை ஆவியுருவில் திரும்பி வந்தபோது, எமது உடலுக்கு அருகிலே முன்பின் அறியாத இருவர் காத்துநின்றனர். ஒருவர் குருமார் வகுப்பினர், மற்றவர் மந்திரவாதி. எதுவும் எழுதாமலே ஒருவர் குழு அழைப்பை அனுப்பினார். மூவருமாகச் சேர்ந்து ஹொகரை வீழ்த்தியபின், குருவானவர் எமது காயத்தை ஆற்றிவிட்டுத் தலைவணங்கிச் சென்றுவிட்டார். அவர் எந்நாட்டினர், எவ்வயதினர் என்பது எமக்குத் தெரியாது. ஹொகரைக் கொன்றமைக்கு ஆட்டம் தந்த கூலி எதுவென்பது இன்று எமக்கு நினைவில்லை. காத்துநின்ற அவ்விருவரும் நினைவிலிருக்கின்றனர்.

5

தொடக்க நிலைகளின் உச்சமாக அமைவது வெஸ்ட்ஃபோல் என்னும் மேற்குச் சமவெளியின் கதையாகும். இவ்வாட்டத்தின் எழுத்தாளர் எவ்வளவு தூரம் சிந்தித்தனர், எவ்விடத்தில் நின்றுவிட்டனர் என்பதை இக்கதை நன்கு காட்டுகின்றது.

சமவெளியின் எல்லையிலேயே, உடைந்த வண்டியோடு வழியோரத்தில் தங்கிநிற்கும் ஃபர்ல்புறோ என்னும் முதிய உழவரையும் அவர் மனைவியையும் காண்கின்றோம். முகமூடிக் கள்வர் அவர்களை நிலத்திலிருந்து துரத்திவிட்டனர். அவர்களது கிழட்டுக் குதிரைக்காக 8 பிடி தானியம் தேடிக்கொடுப்பது எமக்கு விதிக்கப்படும் பணிகளுள் ஒன்று. ஸ்டோம்விண்ட் நகரத்து அரசு இவ்வுழவருக்குப் படை அனுப்பவில்லை. ஆதலால், கிரையன் ஸ்டவுட்மான்டில் என்பவர் தலைமையில் அவர்களே 'மக்கள் படை' ஒன்றை அமைத்துள்ளனர். அப்படைக்காக நாம் கள்வரை வேட்டையாடுகின்றோம். அவர்கள் தம்மை 'டெஃபயாஸ் சகோதரத்துவம்' என அழைத்துக்கொள்கின்றனர். அவர்களின் தலைவன் எட்வின் வான்கிளீஃப்.

இவ்வான்கிளீஃப் யார்? ஓர்க்குகளோடு நிகழ்ந்த முதற் போரில் அழிந்த ஸ்டோம்விண்ட் நகரைக் கல்லாற் கட்டியெழுப்பிய கல்தச்சர் கணத்தின் தலைவன் அவன். வேலை முடிந்ததும் நகரத்துப் பிரபுக்கள் பேசிய கூலியைக் கொடுக்க மறுத்தனர். தச்சர் கிளர்ந்தெழுந்தனர், நகரத்தை விட்டு வெளியேறினர், கள்வராயினர். அஃதாவது, நாம் எவ்வீதிகளில் நின்று எமது பழைய ஆடைகளை விற்றுக் காசாக்குகின்றோமோ, அவ்வீதிகளைக் கட்டியவர்களையே செப்புக் காசுக்காக வேட்டையாடிக்கொண்டிருக்கின்றோம். கூலி மறுக்கப்பட்டவனைக் கொல்லக் கூலி பெறுபவன்தான் இக்கதையின் வீரன்.

இம்முரணை எழுத்தாளர் அறியாதிருந்தனர் எனக் கூறமுடியாது. வான்கிளீஃப்பைக் கொன்றபின் அவன் உடலில் அனுப்பப்படாத கடிதமொன்று கிடைக்கின்றது. அது பாரோஸ் அலெக்ஸ்டன் என்னும் நகரக் கட்டடக் கலைஞருக்கு எழுதப்பட்டது. அவரிடம் அதனைக் கொண்டுசென்றால், தானும் அவனும் ஒரே கணத்தில் உழைத்தவர் என்பதையும் அக்கணத்துக்கு இழைக்கப்பட்டதையும் அவர் கூறுகின்றார். உண்மையைக் கொலைக்குப் பின் வைத்தமை கதையமைப்பில் திறமையான உத்தியேயாம். ஆனால் உண்மையை அறிந்தபின் ஆடுநர் செய்யக்கூடியது யாது? எதுவுமில்லை. பிரபுக்களிடம் கணக்குக் கேட்க ஒரு பணியில்லை. கடிதத்தை வாசித்துவிட்டு வேலையை மறுக்க ஒரு வழியில்லை. மேசையாட்டத்தின் கதைநடத்துநரிடம் இவ்வாறு கேட்டிருந்தால், அவர் கதையைத் திருப்பியிருப்பார். இங்கே அறிவு தரப்படுகின்றது, செயல் தரப்படவில்லை. இக்கதையுலகின் விரிவிலே, பிரபுக்கள் கூலி மறுத்ததன் பின்னணியில் சீமாட்டி வேடம் பூண்ட ஒனிக்ஸியா என்னும் டிராகனின் சூழ்ச்சி இருந்ததாகவும் கூறப்படுகின்றது. சுரண்டலுக்குச் சமுதாயக் காரணத்தைத் தேடிச் செல்லும் வாசகர், இறுதியில் மாயவிலங்கொன்றைக் கண்டு திரும்புகின்றார். கற்பனை உலகு யதார்த்தத்தை நெருங்கி வந்து, அஞ்சி விலகும் இடம் இதுவாகும்.

கொலையின் நிகழ்முறையும் நோக்கத்தக்கது. வான்கிளீஃப்பின் தலையைக் கொணரவேண்டும் என்பது பணி. ஐவர் கொண்ட குழு அவனை வீழ்த்தியதும், ஐவரும் தனித்தனியே குனிந்து ஆளுக்கொரு தலையை எடுத்துக்கொள்கின்றனர். ஓருடலில் ஐந்து தலைகள்! அவனிடமிருந்து கிடைக்கக்கூடிய பொருள்களுள் ஒன்றின் பெயர் 'சகோதரத்துவத்தின் மேற்போர்வை'. நாம் வெளியேறிய சிறிது நேரத்தில் மற்றோர் ஐவர் உள்ளே நுழைவர். அவர்களுக்காகவும் அவன் தன் கப்பலில் காத்திருப்பான்.

இவ்வுலகு மாறவே மாறாதது என்றும் கொள்ளவியலாது. 2010 டிசெம்பரில் வெளிவந்த 'கற்றக்ளிசம்' என்னும் விரிவாக்கத்தில் மூல ஆட்டத்தின் வெஸ்ட்ஃபோல் மாற்றியெழுதப்பட்டது. அங்கே வீடற்றோர் கூட்டம் நிறைந்திருக்கின்றது. தானியம் தேடிக்கொடுத்த அம்முதிய தம்பதியர் கொலையுண்டு கிடக்கக் காண்கின்றோம். வான்கிளீஃப்பின் மகள் வனெஸ்ஸா தந்தையின் இயக்கத்தை மீள எழுப்புகின்றாள். முன்னையதிலும் கூர்மையான சமுதாயப் பார்வை இதில் உண்டு. ஆயின் இம்மாற்றத்தைச் செய்தவர் உலகின் உடைமையாளரேயன்றி அதில் வாழ்ந்தோர் அல்லர். பல மில்லியன் ஆடுநர் ஆறாண்டுகளாக அச்சமவெளியில் செய்த எதுவும் அதற்குக் காரணமாகவில்லை.

6

இனி, வான்கிளீஃப் இருக்கும் டெட்மைன்ஸ் என்னும் சுரங்கத்துக்கு எவ்வாறு சென்றோம் என்பதைக் கூறவேண்டும். எமது வாதத்தின் மறுபாதி அங்கேயே உள்ளது.

இச்சுரங்கத்துக்கு ஐவர் வேண்டும். ஐவரும் வெவ்வேறு தொழிலினராயிருத்தல் வேண்டும். அடியைத் தாங்கும் ஒருவர், காயத்தை ஆற்றும் ஒருவர், தாக்கும் மூவர். அடிதாங்குபவன் தான் எவரையும் விரைவில் கொல்லான். ஆற்றுபவர் கொல்லவே மாட்டார். ஒருவர் உழைப்பு மற்றவர் உழைப்பின்றிப் பயனற்றது. குழுவைத் தானாகவே கூட்டித்தரும் இயந்திர உதவி ஆட்டத்திலே இல்லை. பொது உரையாடலில் எழுதிக் கேட்கவேண்டும். நாம் மக்கள் படையின் கோபுரத்தடியில் ஆற்றுநர் ஒருவருக்காக ஒரு மணி நேரத்துக்கு மேல் காத்திருந்தோம். 40 ஆம் படிநிலை வரையில் ஏறிச்செல்லக் குதிரையில்லை. ஆகவே, வந்து சேர்ந்த ஐவரும் மூன்புறூக் என்னும் பாழ்கிராமத்துக்கு நடந்தே சென்றோம். அந்நடையிலே ஒருவர் தாம் இரவு வேலைக்குச் செல்லுமுன் இதனை முடிக்கவேண்டும் என்றார். இன்னொருவர் தாம் இச்சுரங்கத்தைப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன் தம் தமையனோடு கண்டதாகக் கூறினார். சுரங்கத்தின் நடுவே ஐவரும் ஒருமுறை ஒருசேர மடிந்து, இடுகாட்டிலிருந்து ஐந்து ஆவிகளாக ஓடி வந்தோம். இரவு வேலைக்காரர் நேரமாகியும் விலகவில்லை. வீரம் என்ற சொல்லுக்கு இவ்வாட்டத்தில் பொருளுண்டாயின், அப்பொருள் காவலனின் புகழுரையில் இல்லை. தன் நலத்துக்கு எதிராகப் பத்து நிமிடம் தங்கிநின்ற அம்மனிதரிடத்தே உண்டு. ஆட்டத்தின் எந்த எண்ணும் அதனைப் பதிவுசெய்யவில்லை.

இவ்வுறவுக்கு ஆதாரமாயிருப்பன தூரம், கடினம், காத்திருப்பு ஆகியனவே என்பது வரலாற்றாலும் தெளிவாகும். 2009 டிசெம்பரில் மூல ஆட்டத்தில் குழுவைத் தானாகவே கூட்டித்தரும் பொறிமுறை அறிமுகமாயிற்று. ஒரு விசையை அழுத்தினால், வெவ்வேறு சேவையகங்களிலிருந்து ஐவர் திரட்டப்பட்டு நேரே சுரங்கத்துக்குள் விடப்படுவர். ஆடுநர் பலர் இதனை வரவேற்றனர். வேலையும் குடும்பமும் உடையோருக்கு அது பெரும் வசதியென்பதில் ஐயமில்லை. ஆனால் முடிந்ததும் கலைந்துபோகும் ஐவரும் ஒருவரையொருவர் மீண்டும் காண்பது அரிது. எனவே, ஒருவரிடம் ஒருவர் நன்றாக நடந்துகொள்ளவேண்டிய தேவையும் குறைந்தது. பழைய வடிவத்தை அனுமதியின்றி நடத்திய 'நொஸ்டால்றியஸ்' என்னும் சேவையகம் 2016 இல் சட்ட எச்சரிக்கையின் பின் மூடப்பட்டபோது, பழைய வடிவத்தைத் தாருங்கள் என இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் கையொப்பமிட்டனர். 2017 இல் நிறுவனம் அதற்கு இணங்கியது. 2019 இல் அது வெளிவந்தது. மக்கள் திரண்டு தமக்குச் சிரமத்தைத் திருப்பித் தருமாறு கேட்டமை கேளிக்கைத் தொழிலின் வரலாற்றில் வியப்புக்குரிய நிகழ்ச்சியாகும். அவர்கள் கேட்டது நடையையும் காத்திருப்பையும் மட்டுமன்று. அவற்றினூடே கிடைத்த மனிதரையுமாகும்.

இதனைப் பழைமை வேட்கை எனக் கூறுவாருமுளர். அக்கூற்றில் ஒரு பகுதி உண்மையே. ஆனால் 2004 இல் இவ்வாட்டத்தை அறியாதிருந்த எம்மையும் அதே உணர்வு ஆட்கொண்டதாயின், பழைமை வேட்கை ஒன்றே அதற்கு விளக்கமாகாது. இதனினும் வலிய மறுப்பொன்று உண்டு. இவ்வாட்டம் மாதச் சந்தாவுக்கு விற்கப்படுவது. 2004 இல் ஐக்கிய அமெரிக்காவில் அது 14.99 டொலர். ஆடுநர் எவ்வளவு மெதுவாக நடக்கின்றாரோ, அவ்வளவு மாதங்களுக்குச் சந்தா தொடரும். நாம் போற்றும் அந்நீண்ட நடை நிறுவனத்தின் வருவாய்க்கும் வழியாகும். இதனை நாம் மறுக்கவில்லை. ஒரே காலவிரயம் ஒருபுறம் இலாபமாகவும், மறுபுறம் தோழமையாகவும் விளைகின்றது. தேயிலைத் தொழிற்சாலையின் நீண்ட வேலைநாள் முதலாளியின் இலாபத்துக்காகவே நீட்டப்பட்டது. எனினும் அவ்வேலைநாளிலேயே தொழிலாளர் ஒருவரையொருவர் அறிந்தனர். இரண்டும் உண்மை, ஒன்று மற்றதைப் பொய்யாக்குவதில்லை.

7

இறுதியாக ஒரு விடயம். இவ்வுலகின் மக்கள் இரு அணியினராகப் பிரிக்கப்பட்டுள்ளனர். மனிதர், குள்ளர், நோம்கள், இரவு எல்ஃப்கள் ஓரணியினர். ஓர்க்குகள், டோரன்கள், ட்றோல்கள், இறந்தெழுந்தோர் மறு அணியினர். ஓரணியினர் எழுதுவது மறு அணியினருக்குப் பொருளற்ற அசைகளாகவே தோன்றும். உண்மையில் இருவரும் ஆங்கிலத்திலேயே எழுதுகின்றனர். இடையில் நிற்கும் இயந்திரம் அதனைச் சிதைத்து அனுப்புகின்றது. பகைமையைப் பேணுவதற்கு மொழியைத் துண்டித்தலே போதுமானது என ஆட்டத்தை அமைத்தோர் அறிந்திருந்தனர். எமது நாட்டில் இதனை வாசிப்போருக்கு விளக்கம் தேவையில்லை.

டஸ்க்வூட் என்னும் இருண்ட வனத்தின் வழியிலே எருதுமுக டோரன் ஒருவர் எதிர்ப்பட்டார். அவர் எழுதியது எமக்கு விளங்கவில்லை. நாம் எழுதியது அவருக்கும் விளங்கியிராது. ஆனால் சைகைகளை ஆட்டம் தடுக்கவில்லை. அவர் கையசைத்தார், நாமும் கையசைத்தோம். ஓநாயொன்று எம்மேல் பாய்ந்தபோது, அவர் அதனைத் தம் கோடரியால் அடித்துவிட்டுத் தம் வழியே போனார். முதலில் தாக்கியவர்க்கே விலங்கு உரியது என்ற விதிப்படி, அவருக்கு அதனால் எவ்விதப் பயனுமில்லை.

இதுவரை கூறியவற்றைத் தொகுத்து நோக்குவாம். கதை என்ற அளவில், இவ்வாட்டத்தின் தொடக்கப் பகுதி உண்மையை நெருங்கி வந்து பின்வாங்கும் படைப்பு. வீரகாவியம் என்ற அளவில், மீளமுடியாத எதுவும் நிகழாமையால் அது வலுவிழந்தது. ஆனால் பலர் கூடி வாழும் களம் என்ற அளவில், நற்குணத்தை நம்பாது தேவையை நம்பி அமைக்கப்பட்ட அதன் விதிகள், தேவையைக் கடந்த நற்குணத்துக்கும் இடம்விட்டு வைத்துள்ளன. றிச்சர்ட் பார்ட்டில் 1996 இல் எழுதிய கட்டுரையொன்றில் இத்தகைய உலகுகளில் ஆடுவோரைச் சாதிப்போர், தேடுவோர், பழகுவோர், கொல்வோர் என நால்வகைப்படுத்தினார். எமது அனுபவத்தில் இவை நால்வகை மனிதரல்ல. ஒரே மனிதரின் ஒரு மாலைப் பொழுதில் மாறிமாறி வரும் நிலைகளே. கொல்லவும் சேர்க்கவும் அனுப்பப்பட்ட ஒருவர் எப்பொழுது, எதனால் தங்கிநின்று பழகத் தொடங்குகின்றார் என்பதே இவ்வகை ஆட்டங்களை ஆராய்வோர் எழுப்பவேண்டிய வினாவாகும். எஞ்சியுள்ள 38 படிநிலைகளிலும் அவ்வினாவுக்கு விடை மாறுகின்றதா என்பதைப் பிறிதொரு சந்தர்ப்பத்தில் ஆராய எண்ணியுள்ளோம்.